பின்னால் நின்றவர் முன்னால் ஓடி வந்தார்!



கால்பந்து வீரர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் கடகடவென்று சொல்லிவிடுவீர்கள். பீலே, மரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ, நெய்மர், எம்பாப்பே... சபாஷ்! இவர்கள் எல்லாரும் எதற்காகப் புகழ் பெற்றார்கள்? கோல் போட்டதற்காக!

சரி, இன்னொரு கேள்வி. கோல் விழாமல் தடுப்பதற்கென்றே நிற்கிறார்களே பின்கள வீரர்கள், அவர்களில் நான்கு பேரின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். என்ன, தலையைச் சொறிகிறீர்களா? உங்கள் மேல் தவறில்லை. பெரியவர்களிடம் கேட்டாலும் பலர் விழிக்கத்தான் செய்வார்கள். கோல் போட்டவரை ஊர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். கோலைத் தடுத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி நடப்பார்.

அப்படிப்பட்ட ஒரு பின்கள வீரரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் சைமன் கியேர். டென்மார்க் நாட்டுக்காரர். 132 முறை தன் நாட்டுக்காக ஆடியவர். ஆனால் உலகமே அவர் பெயரைத் தெரிந்துகொண்டது ஆட்டம் நின்றுபோன ஒரு நேரத்தில்! அது என்ன கதை? பார்க்கலாம், வாருங்கள்.

பின்கள வீரரின் வேலை என்ன?

முதலில் ஒரு சின்னப் பாடம். ஓர் அணியில் பதினொரு பேர் ஆடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவர் கோல்கீப்பர். அவருக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு பேர் ஒரு வரிசையாக நிற்பார்கள். இவர்கள்தாம் பின்கள வீரர்கள். அந்த நால்வரில் நடுவே நிற்கும் இருவருக்குப் பொறுப்பு அதிகம். எதிரணியின் முன்கள வீரர் நேராக அவர்களை நோக்கித்தான் வருவார்.

பந்தை உதைத்துத் தள்ளுவது மட்டும்தான் அவர்கள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பந்து ஒரு பக்கம் இருக்கும். ஆபத்து இன்னொரு பக்கத்திலிருந்து ஓடி வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் இடம் தவறினால் குரல் கொடுத்து இழுத்து நிறுத்த வேண்டும். நால்வரும் ஒரு கயிற்றில் கட்டியதுபோல் சேர்ந்து முன்னே போக வேண்டும். சேர்ந்து பின்னே வர வேண்டும். ஒருவர் பின்தங்கினாலும் வரிசையில் ஓட்டை விழும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? முன்கள வீரர் ஒன்பது முறை கோட்டை விட்டுப் பத்தாம் முறை கோல் போட்டால் அவர் கதாநாயகன். பின்கள வீரர் ஒன்பது முறை தடுத்துப் பத்தாம் முறை கோட்டை விட்டால் அன்றைய தோல்விக்கே அவர்தான் காரணம்! நன்றாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. தவறு மட்டும் தெரியும். இந்த வேலையைத்தான் கியேர் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் செய்தார்.

பட்டியலில் இல்லாத பையன்

டென்மார்க், ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் குட்டி நாடு. மக்கள் தொகை சுமார் 60 லட்சம்தான். ஆனால் கால்பந்து என்றால் அங்கே உயிர். 1992ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்கு டென்மார்க் தகுதி பெறவே இல்லை. உள்நாட்டுப் போர் காரணமாக யுகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் டென்மார்க்கை அழைத்தார்கள். அழைக்கப்பட்டு வந்த அணி, இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையையே தட்டிக்கொண்டு போனது! அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அந்த வெற்றியின்போது சைமன் கியேருக்கு வயது மூன்று. 1989ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி ஹார்சென்ஸ் என்ற நகரில் பிறந்தவர் அவர். அருகே உள்ள லுண்ட் என்ற சிற்றூரின் அணியில் விளையாடப் பழகினார்.

2004ஆம் ஆண்டு மிட்யூலாண்ட் என்ற கிளப், சிறுவர்களுக்காக ஒரு கால்பந்துப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறும் பள்ளி. கியேரின் தந்தை அதே கிளப்பில் வீரர்களின் உடைகளையும் காலணிகளையும் பராமரிக்கும் பணியில் இருந்தவர். பதினைந்து வயது கியேருக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்த ராஸ்முஸ் ஆங்கர்சென் பிற்காலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். கடைசியாக ஓர் இடம் மிச்சம் இருந்ததால்தான் கியேரைச் சேர்த்தார்கள் என்று அதில் சொல்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறார். சில மாதங்கள் கழித்து, பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் இந்தச் சிறுவர்களில் எதிர்காலத்தில் பெரிய ஆட்டக்காரர்களாக வரக்கூடிய ஐந்து பேரின் பெயரைத் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்களாம். பிறகு எடுத்துப் பார்த்தால், ஒருவர் பட்டியலில்கூட சைமன் கியேரின் பெயர் இல்லை!

பார்த்தீர்களா? நாள்தோறும் பக்கத்தில் நின்று பயிற்சி கொடுத்தவர்களே கணிக்கவில்லை. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், குழந்தைகளே. பதினைந்து வயதில் யாரையும் அளந்து முடித்துவிட முடியாது. பட்டியல் போடுபவர்கள் அன்றைய திறமையைப் பார்க்கிறார்கள். நாளைக்கும், மறுநாளும், அதற்கு மறுநாளும் விடாமல் உழைக்கும் மனசு பட்டியலில் தெரியாது.

அட்லஸை எடுங்கள்!

இப்போது வீட்டில் இருக்கும் அட்லஸை எடுத்து ஐரோப்பா பக்கத்தைத் திறந்து வையுங்கள். கியேர் போன இடங்களை ஒவ்வொன்றாகத் தொடுவோம்.

2007இல் மிட்யூலாண்டின் பெரியவர்கள் அணியில் இடம் பிடித்தார். அடுத்த ஆண்டே, 19 வயதில், இத்தாலி அழைத்தது. இத்தாலியின் வரைபடம் ஒரு பூட்ஸ் கால்போல இருக்கும் இல்லையா? அந்தக் காலின் நுனியில் ஒரு பந்துபோல இருப்பது சிசிலித் தீவு. அங்குள்ள பலெர்மோ அணியில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். பின்கள ஆட்டத்துக்குப் பேர்போன நாடு இத்தாலி. அங்கே ஒரு பின்கள வீரர் நிலைத்து நிற்கிறார் என்றால் அது பெரிய விஷயம்.

2010இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க். வோக்ஸ்வேகன் கார்த் தொழிற்சாலை இருக்கிறதே, அந்த ஊர். பெரிய தொகைக்கு வாங்கப்பட்டார். ஆனால் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அடுத்த ஆண்டு இரவலாக ரோமா அணிக்குப் போனார். ஒரு கிளப் தன் வீரரைச் சில மாதங்களுக்கு இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பதுண்டு. நாம் நோட்டை இரவல் கொடுத்து வாங்குவதுபோலத்தான்!

ரோமாவில் ஒரு கறுப்பு நாளும் வந்தது. 2011 அக்டோபரில், அதே ஊரின் போட்டி அணியான லாசியோவுடன் ஆட்டம். உள்ளூர்ப் பகை, அனல் பறக்கும். அதில் கியேர் எதிரணி வீரரைத் தவறாகத் தடுத்ததால் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டார். லாசியோவுக்குப் பெனால்டி கிடைத்தது, கோல் ஆனது. கடைசி நிமிடத்தில் இன்னொரு கோலும் போட்டு லாசியோ 2-1 என்று வென்றது. ரோமா ரசிகர்கள் யாரைத் திட்டியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

பலர் அங்கேயே மனம் உடைந்திருப்பார்கள். கியேர் திரும்பிப் போய் மறுபடி பயிற்சியில் இறங்கினார். 2013இல் பிரான்சின் லில் அணியில் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே லில் பிரெஞ்சு லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. 2015இல் துருக்கியின் ஃபெனர்பாச்சே. இஸ்தான்புல் நகரம் இரண்டு கண்டங்களில் பரந்து கிடக்கிறது தெரியுமா? இந்தக் கிளப்பின் மைதானம் ஆசியப் பக்கம் இருக்கிறது! 2017இல் ஸ்பெயினின் செவியா. 2019இல் மறுபடி இத்தாலி. அட்டலாண்டா என்ற அணிக்கு இரவல். அங்கே அவருக்கு ஆட வாய்ப்பே அதிகம் கிடைக்கவில்லை.

எண்ணிப் பார்த்தீர்களா? டென்மார்க்கையும் சேர்த்து ஆறு நாடுகள்! ஒவ்வோர் ஊரிலும் புது மொழி, புது ஆட்டமுறை, புதுத் தோழர்கள். ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும்.

2020 ஜனவரியில் கியேருக்கு முப்பது வயது முடிந்து ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இனிமேல் என்ன இருக்கிறது என்று பலர் நினைத்த நேரத்தில் ஏசி மிலான் அவரை இரவலாக வாங்கியது. இத்தாலியின் மாபெரும் கிளப்களில் ஒன்று அது. ஆறே மாதத்தில் நிரந்தரமாகவே வைத்துக்கொண்டது. 2021 மார்ச்சில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த ஆட்டத்தில், தோற்கப் போகிறோம் என்ற கடைசி நிமிடத்தில் பந்தைத் தலையால் முட்டிக் கோல் அடித்து 1-1 என்று சமன் செய்தவர் இவர்தான். தடுப்பவரும் கோல் போடுவார், தேவைப்பட்டால்!

தோழர் எரிக்சன்

நாட்டு அணியின் கதைக்கு வருவோம். 2009 ஜூனில் ஸ்வீடனுக்கு எதிராக முதல் முறை டென்மார்க் சட்டை அணிந்தார் கியேர். 2010 உலகக் கோப்பைக்குத் தென் ஆப்பிரிக்கா சென்ற அணியில் அவரோடு 18 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். பெயர் கிறிஸ்டியன் எரிக்சன். நடுக்களத்தில் நின்று ஆட்டத்தையே நடத்திச் செல்லும் கெட்டிக்காரன்.

இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 2016இல் கியேர் டென்மார்க்கின் கேப்டன் ஆனார். பின்னால் நின்று தடுப்பவர் கியேர்; முன்னால் பந்தை அனுப்பிக் கோலுக்கு வழி செய்பவர் எரிக்சன்.

2018 உலகக் கோப்பையில் குரோஷியாவுடன் பெனால்டி உதைக்கும் நிலை வந்தது. டென்மார்க்குக்காக முதலில் உதைத்தவர் எரிக்சன். கோல்கீப்பர் தடுத்துவிட்டார். பாவம்! அடுத்து வந்தவர் யார்? பின்கள வீரரான நம் கேப்டன் கியேர். நண்பன் தவறவிட்ட இடத்தில் வந்து நின்று கோல் ஆக்கினார். டென்மார்க் கடைசியில் தோற்றது உண்மைதான். ஆனாலும் அந்த வரிசையை நினைவில் வையுங்கள். எரிக்சன் சறுக்கினார், அடுத்த நொடி கியேர் வந்து நின்றார். மூன்று ஆண்டுகள் கழித்து இதுவே மறுபடி நடந்தது. ஆனால் அது விளையாட்டாக இல்லை.

2021 ஜூன் 12

கோபன்ஹேகன் நகரின் பார்க்கென் மைதானம். ஐரோப்பியக் கோப்பைப் போட்டி. 2020இல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. டென்மார்க்கும் ஃபின்லாந்தும் மோதின. ஃபின்லாந்து ஒரு பெரிய போட்டித் தொடரில் ஆடுவது அதுதான் முதல் முறை. சுமார் 15,000 ரசிகர்கள்.

முதல் பாதி முடிய இரண்டு மூன்று நிமிடங்களே இருந்தன. பக்கக் கோட்டிலிருந்து டென்மார்க் வீரர் ஒருவர் கையால் பந்தை எறிந்தார். அதை வாங்க வந்த எரிக்சன் அப்படியே முன்பக்கம் சரிந்தார். யாரும் தள்ளவில்லை. யாரும் இடிக்கவில்லை. விழும்போது கையைக்கூட ஊன்றவில்லை. அவருடைய இதயம் நின்றுகொண்டிருந்தது.

நடுவர் ஆன்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, மருத்துவக் குழுவை ஓடி வரச் சொன்னார். கியேரும் தன் இடத்திலிருந்து பாய்ந்து ஓடினார்.

அந்தச் சில நிமிடங்களில் கேப்டன் செய்தவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று: நண்பரின் மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்க, அருகில் இருந்தவர்களோடு சேர்ந்து அவரைப் பக்கவாட்டில் கிடத்தப் பார்த்துக்கொண்டார். மருத்துவர்கள் வந்ததும் விலகி இடம் விட்டார்.

இரண்டு: தன் அணியினரை எரிக்சனைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொன்னார். உலகமெங்கும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. உயிருக்குப் போராடும் ஒரு மனிதரை ஊரே வேடிக்கை பார்க்கலாமா? வீரர்கள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். சிலர் கண்ணீர் வடித்தார்கள். சிலர் பிரார்த்தனை செய்தார்கள். ஆனால் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. ஃப்ரீ கிக் உதைக்கும்போது வீரர்கள் சுவர்போல நிற்பார்களே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அன்று ஒரு நண்பனுக்காக அந்தச் சுவர் எழுந்தது.

மூன்று: எரிக்சனின் துணைவியார் பதறி மைதானத்துக்குள் வந்தபோது, கியேரும் கோல்கீப்பர் கஸ்பர் ஷ்மைக்கேலும் ஓடிப் போய் அவரை அணைத்து ஆறுதல் சொன்னார்கள். (கஸ்பர் யார் தெரியுமா? 1992இல் கோப்பை வென்ற பீட்டர் ஷ்மைக்கேலின் மகன்!)

வட்டத்துக்குள்ளே மருத்துவக் குழு போராடிக்கொண்டிருந்தது. அணி மருத்துவர் மார்ட்டன் போசென் பிறகு விவரித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது எரிக்சன் பக்கவாட்டில் கிடந்தார். மூச்சும் நாடியும் இருந்தன. திடீரென்று நிலைமை மாறியது. உடனே நெஞ்சை அழுத்தி அழுத்தி இதயத்துக்கு உயிர் கொடுக்கும் முதலுதவியைத் தொடங்கினார்கள். பிறகு ஒரு கருவியால் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை கொடுத்ததில் இதயம் மறுபடி துடித்தது!

அவரைத் தூக்கிச் செல்லும்போது மறைப்பதற்கு எதிரணி ரசிகர்களின் ஃபின்லாந்துக் கொடிகளும் திரையாகப் பயன்பட்டன. அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்தது இன்னும் நெஞ்சை நெகிழ வைக்கும். ஃபின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்!" என்று குரல் கொடுக்க, டென்மார்க் ரசிகர்கள் "எரிக்சன்!" என்று பதில் குரல் கொடுத்தார்கள். எதிரி அணி என்ற எண்ணமே அங்கே இல்லை.

கண்ணீரோடு ஓர் ஆட்டம்

எரிக்சன் கண் விழித்துப் பேசினார் என்ற செய்தி மருத்துவமனையிலிருந்து வந்தது. மீதி ஆட்டத்தை அன்றே முடிப்பதா, மறுநாள் ஆடுவதா என்று கேட்டார்கள். இரவு முழுக்கத் தூங்காமல் காத்திருப்பதைவிட அன்றே முடித்துவிடலாம் என்று வீரர்கள் முடிவு செய்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. ஃபின்லாந்து 1-0 என்று வென்றது.

கியேரும் களம் இறங்கினார். ஆனால் அவரால் முடியவில்லை. 63ஆவது நிமிடத்தில் அவருக்குப் பதிலாக வேறொருவர் இறங்கினார். அவர் மனத்தளவில் மிகவும் பாதிக்கப்பட்டிருந்தார் என்று பயிற்சியாளர் கஸ்பர் ஹியூல்மாண்ட் சொன்னார்.

குழந்தைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆபத்து நேரத்தில் அவ்வளவு உறுதியாக நின்றவர், அது கடந்த பிறகு தளர்ந்துபோனார். துணிச்சல் என்றால் பயமே இல்லாமல் இருப்பது அல்ல. பயமும் துக்கமும் நெஞ்சில் இருக்கும்போதே, செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பது. முடித்த பிறகு அழுதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தியையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். கியேரே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்து எரிக்சனைப் பிழைக்க வைத்தார் என்று அப்போது பலரும் பரப்பினார்கள். அந்தச் சிகிச்சையைச் செய்தவர்கள் மருத்துவக் குழுவினர். கியேர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். தெரிந்தவர்கள் வந்ததும் அவர்களுக்கு வழிவிட்டு, அவர்களைச் சுற்றிக் காவல் நின்றார். எவர் வேலையை எவர் செய்ய வேண்டுமோ அவர் செய்தார். அதனால்தான் ஓர் உயிர் பிழைத்தது.

அந்த ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் தலைவர் விருது கியேருக்கும் அந்த மருத்துவக் குழுவினருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இது அணியாகச் சேர்ந்து செய்த வேலை என்றுதான் கியேரும் சொன்னார்.

சேம் சைடு கோல்

அடுத்த ஆட்டம் பெல்ஜியத்துடன். எரிக்சனின் சட்டை எண் 10. ஆகவே பத்தாவது நிமிடத்தில் இரு அணியினரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கைதட்டினார்கள். ஆட்டத்தில் டென்மார்க் 2-1 என்று தோற்றது. இரண்டு ஆட்டம், இரண்டு தோல்வி. கதை முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை! ரஷ்யாவை 4-1 என்று வென்றது டென்மார்க். வேல்ஸை 4-0. செக் குடியரசை 2-1. கேப்டன் கியேர் பின்னால் நின்று நடத்த, அணி அரையிறுதிக்கே போய்விட்டது.

ஜூலை 7. லண்டனின் வெம்ப்ளி மைதானம். எதிரணி இங்கிலாந்து. டென்மார்க் முதல் கோல் போட்டது. 39ஆவது நிமிடத்தில் இங்கிலாந்து வீரர் பக்கத்திலிருந்து கோல் முன்னால் பந்தைச் சீறவிட்டார். அதைத் தட்டிவிட ஸ்டெர்லிங் தயாராக ஓடி வந்தார். கியேர் குறுக்கே பாய்ந்தார். பந்து அவர் மேல் பட்டுச் சொந்தக் கோலுக்குள்ளேயே போய்விட்டது. சேம் சைடு கோல்! கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 2-1 என்று வென்றது.

கியேர் பாயாமல் நின்றிருந்தால்? பந்து ஸ்டெர்லிங்கிடம் போயிருக்கும்; அநேகமாக அப்போதும் கோல்தான். ஆனால் கோல் புத்தகத்தில் கியேரின் பெயர் வந்திருக்காது. பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்று ஒதுங்கி நிற்பவர் பின்கள வீரர் ஆக முடியாது. முயன்றதால் வந்த கெட்ட பெயரைச் சுமக்கத் துணிய வேண்டும்.

மார்ச் 26இன் பரிசு

2021 டிசம்பரில் ஜெனோவா அணியுடன் ஆடும்போது கியேருக்கு முழங்காலில் பலத்த அடி. அறுவை சிகிச்சை. அந்தப் பருவம் முழுக்க ஆட முடியவில்லை. 2022 மே மாதம் ஏசி மிலான் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியச் சாம்பியன் ஆனபோது, பருவத்தின் முதல் பாதியில் தடுத்து நின்றவர்களில் ஒருவராகப் பதக்கம் பெற்றார். பிறகு காயத்திலிருந்து மீண்டு வந்து, 2022 உலகக் கோப்பையிலும் டென்மார்க்கின் கேப்டனாக ஆடினார்.

எரிக்சன் என்ன ஆனார்? இதயத் துடிப்பு தவறினால் தானே சரி செய்யும் சிறு கருவி ஒன்றை அவர் உடலில் பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு இத்தாலியில் ஆட விதி இடம் கொடுக்கவில்லை. அவர் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் அணியில் சேர்ந்தார். 2022ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிராக மீண்டும் டென்மார்க் சட்டை அணிந்து இறங்கினார். இறங்கிய இரண்டு நிமிடத்துக்குள் கோல்! அது என்ன தேதி தெரியுமா? மார்ச் 26. கியேரின் பிறந்த நாள்!

மூன்று நாள் கழித்து, அவர் விழுந்த அதே பார்க்கென் மைதானத்தில் செர்பியாவுடன் ஆட்டம். கியேர் காயத்தில் இருந்தார். கேப்டன் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து வந்தவர் எரிக்சன். அன்றும் ஒரு கோல் போட்டார்.

கியேர் டென்மார்க்குக்காக 132 ஆட்டங்கள் ஆடினார். பீட்டர் ஷ்மைக்கேலின் 129 ஆட்டங்கள் என்ற சாதனையை அவர் தாண்டினார். பிறகு அந்த 132ஐயும் ஒருவர் தாண்டிப் போனார். யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கிறிஸ்டியன் எரிக்சன்தான்! தன் சாதனையை இன்னொருவர் முறியடித்ததற்காக மகிழ்ச்சி அடையக்கூடிய மனிதர் உலகில் ஒருவர் இருந்தால், அவர் கியேராகத்தான் இருக்க வேண்டும்.

2024இல் மிலானிலிருந்து விடைபெற்ற கியேர், 2025 ஜனவரியில் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் கண் முன்னே யாராவது மயங்கி விழுந்தால் கூட்டம் போட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். உடனே பெரியவர்களைக் கூவி அழையுங்கள். 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். காற்று வர இடம் விடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரலை விடக் கூடாது. மூச்சு இருந்தால் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். அதை முறையாகக் கற்றுக்கொள்ளப் பள்ளியில் சாரணர் இயக்கமோ இளஞ்செஞ்சிலுவைச் சங்கமோ இருந்தால் சேருங்கள். கற்ற கை பதறாது.

அடுத்த முறை கால்பந்து பார்க்கும்போது பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட விடாதீர்கள். ஒரு நிமிடம் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்கள் எப்போதும் எதையோ கவனித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கே ஓட்டை விழுகிறது, யார் தனியாக நிற்கிறார், யாருக்கு உதவி தேவை என்று.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். முதல் மதிப்பெண் வாங்கமாட்டார். மேடையில் பரிசு வாங்கமாட்டார். ஆனால் விளையாடும்போது யாராவது விழுந்தால் முதலில் ஓடிப் போய்த் தூக்குவார். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால், அவராக இருங்கள்!